நான் தலையாட்டிய வெள்ளிக்கிழமை

மாமி,

முதலில் பிள்ளைகள் சமாசாரம். பெரியவன் மகன் குமார் கிண்டியில் இன்ஜினீயரிங் முடித்துவிட்டான், முதல் வகுப்பு. பாலம் கட்டுகிற கம்பெனி ஒன்றில் சேர்ந்து, கோதாவரிக் கரையில் எங்கோ கூடாரம் போட்டுக்கொண்டு இருக்கிறான். அவன் தங்கை மீனாவுக்குக் கணக்கில் நூற்றுக்கு நூறு. டாக்டருக்குத்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். சின்னவன் மகன் பாபு பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் தடுக்காமல் சொல்கிறான். ஐந்தாம் வகுப்போடு நின்ற அவன் ஆச்சிக்குப் பன்னிரண்டுக்கு மேல் ஓடாது என்று கண்டுபிடித்து வைத்துக்கொண்டு, அதற்கு மேலேயே பார்த்துப் பார்த்துக் கேள்வி கேட்கிறான். மகள் வீட்டுப் பேத்தி வள்ளிக்குப் பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு. தலைப்பு, உலக சமாதானம். என்னடி பேசினாய் என்று கேட்டேன். "சண்டை போடக் கூடாதுன்னு பேசினேன் ஆச்சி. அதுல வேற என்ன பேச இருக்கு?" என்றாள்.

பரிசு வாங்கியவர்கள் பெயரெல்லாம் அச்சடித்து ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். நேற்று அதைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். கண் முன்போல இல்லை. அவள் பெயரைத் தேடத் தாளை மூக்கு வரைக்கும் கொண்டுபோனேன். சைக்ளோஸ்டைல் மெஷினில் பிரதி எடுத்த தாள், மாமி. அந்த மை வாசம். கொஞ்சம் மண்ணெண்ணெய் மாதிரி, கொஞ்சம் ஈரத்துணி மாதிரி. நீங்கள் என் தோளுக்குப் பின்னால் வந்து நிற்பதாகவே இருந்தது. திரும்பிக்கூடப் பார்த்தேன். வள்ளி பயந்துபோய், "யாரு ஆச்சி?" என்றாள்.

யார் என்று அவளுக்கு எதைச் சொல்ல? மாடியில் இப்போது ஒரு பாங்க் குமாஸ்தா குடும்பம் இருக்கிறது. நல்ல மனிதர்கள். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர்கள் வீட்டில் யாராவது ஒரு நாற்காலியை இழுத்தால், கீழே நான் கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிடுகிறேன். கூட்டத்துக்கு நாழியாகிவிட்டது, டம்ளர்களை எடுத்துக்கொண்டு மேலே போக வேண்டும் என்று கால் தானாக எழுந்துகொள்கிறது. உங்களுக்கு எழுதிவிட்டால் இது நிற்குமோ என்று பார்க்கிறேன்.

நீங்கள் வீடு பார்க்க வந்த அன்றைக்கு அறைகளைப் பார்க்கவேயில்லை. மாடிக் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, "நாப்பது பேர் உக்காரலாம் போலிருக்கே" என்றீர்கள். என் வீட்டுக்காரர், கல்யாணத்துக்கு விடுகிற ஆளாக இருக்குமோ என்று மிரண்டுபோனார். மந்தைவெளிப் பக்கம், கால்வாய்க்கு நான்கு தெரு தள்ளி, இந்தச் சந்து வீட்டுக்கு அப்படி யார் கல்யாணம் செய்ய வரப் போகிறார்கள்? காலேஜில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவர், மாமா தவறின பிறகு தனியாக இருக்கிறவர் என்று சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. அப்புறம் நீங்கள் மெதுவாக இன்னொன்றைச் சொன்னீர்கள். வெள்ளிக்கிழமை தோறும் சாயங்காலம் சில பேர் வருவார்கள், உட்கார்ந்து பேசுவார்கள், சத்தம் வராது என்று. சத்தம் வராது என்றது பொய். எவ்வளவு சத்தம் மாமி அது.

வாரம் ஒரு விஷயம், அந்த விஷயம் தெரிந்த நிபுணர் ஒருவர். அமெரிக்காக் கோதுமை வரலாமா, பாங்குகளை சர்க்கார் எடுத்தது சரியா, வங்காளத்திலிருந்து வருகிற அகதிகளை என்ன செய்வது, அணுகுண்டு, அரபு நாட்டு எண்ணெய் விலை. ரிடையரான ஜட்ஜ் வருவார், பத்திரிகைக்காரர் வருவார், அடையாறிலிருந்து இரண்டு விஞ்ஞானிகள் ஒரே ஸ்கூட்டரில் வருவார்கள். காப்பி நீங்கள் போடுவீர்கள். டம்ளர் மட்டும் என் பொறுப்பு. தியாகராய நகரில் பாத்திரக் கடை வைத்திருக்கிறவர்கள் வீட்டு மாடியில் நாற்பது பேருக்கு டம்ளர் இல்லை என்றால் எங்களுக்குத்தானே கேவலம். முதல் வாரம் தட்டில் டம்ளர்களை அடுக்கிக்கொண்டு மேலே வந்தேன். கோதுமையைப் பற்றி ஒரு புரொபசர் இங்கிலீஷில் பொழிந்துகொண்டிருந்தார். நான் வைத்துவிட்டுத் திரும்பும்போது நீங்கள் கையைப் பிடித்தீர்கள்.

"வடிவம்மா, செத்த உக்காருங்கோ. இவர் இப்போ சொன்னதை உங்களுக்குத் தமிழ்ல ஒரு தரம் சொல்லட்டும். அஞ்சு நிமிஷம்."

காலித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இங்கிலீஷில் ஒரு மணி நேரம் பேசினவர் தமிழில் மூன்று வாக்கியத்துக்கு மேல் போக முடியாமல் வேர்த்துக் கொட்டினார். புரிந்ததா என்று கேட்டார். நான், "கப்பல்ல கோதுமை வருதுன்னு புரியுது. வேண்டாம்னா திருப்பி அனுப்பலாமா, அனுப்பினா அவங்க கோவிச்சுக்குவாங்களா, அதுதான் புரியல" என்றேன். கூடம் முழுக்கச் சிரிப்பு. நீங்கள் சிரிக்கவில்லை. "இதைத்தான் நான் அரை மணி நேரமா கேக்கணும்னு நினைச்சேன், கேக்கத் தெரியலை" என்றீர்கள். மூன்றாவது தரம் அவர் சொன்னபோது எனக்குப் புரிந்தது. தலையாட்டினேன்.

அன்றைக்கே விதி போட்டுவிட்டீர்கள். கீழேயிருந்து எங்கள் பிரம்பு நாற்காலி மேலே போனது. வந்த நிபுணர் யாராக இருந்தாலும் கடைசியில் எனக்கு ஐந்து நிமிஷத்தில் சொல்ல வேண்டும். நான் தலையாட்டும் வரைக்கும் யாரும் குறுக்கே கேள்வி கேட்கலாம். நான் தலையாட்டிவிட்டால் கூட்டம் முடிந்தது. அதற்குப் பிறகு ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது. படித்தவர்கள் கேள்வி என்ற பெயரில் இன்னொரு பிரசங்கம் ஆரம்பிப்பார்கள், அதை நிறுத்த இதுதான் வழி என்று என்னிடம் தனியாகச் சொன்னீர்கள். நீள நோட்டுப் புத்தகத்தில் தலைப்பு, பேசியவர் பெயர், அதற்குப் பக்கத்தில் எத்தனையாவது தரத்தில் நான் தலையாட்டினேன் என்று எழுதுவீர்கள். இரண்டாம் தரம், நான்காம் தரம். முதல் தரத்தில் தலையாட்டியதாக அந்த நோட்டில் வெகு நாள் வரைக்கும் ஒன்றுமே கிடையாது. பிறகு எல்லாவற்றையும் சுருக்கி எழுதி சைக்ளோஸ்டைல் எடுத்து, மெம்பர்களுக்கும் பத்திரிகைகளுக்கும் கோட்டைக்கும் தபாலில் போடுவீர்கள்.

அணுகுண்டுக்காரரை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. இரண்டு தேசத்திடமும் குண்டு இருந்தால் பயத்தில் ஒருவரும் போட மாட்டார்கள் என்று அவர் எனக்கு விளக்கினார். நான் சொன்னேன்: "எங்க ஊர்ல எதிரெதிர் வீடு ரெண்டுலயும் அருவா இருந்துச்சுங்கய்யா. இருந்தும் வெட்டிக்கிட்டாங்களே." அவர் ஐந்து தரம் வேறு வேறு மாதிரி சொல்லிப் பார்த்தார். எனக்குத் தலை ஆடவேயில்லை. கடைசி பஸ் போய்விடும் என்று ஒவ்வொருவராக எழுந்துபோனார்கள். நோட்டில் "தலையாட்டவில்லை" என்று எழுதிவிட்டு நீங்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, என் பிள்ளைகள் பரீட்சையில் தேறி வந்தபோது நான் அவர்களை அப்படித்தான் பார்த்திருப்பேன்.

அதுதான் எனக்குத் தலைக்கு ஏறியது. என் வீட்டுக்காரர் கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். ஊரிலிருந்து வந்த நாத்தனார் மாடிப்படியில் உட்கார்ந்து ஒளிந்து பார்த்துவிட்டு, "ஜட்ஜே உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரே, மதினி" என்றாள். ஐந்தாம் வகுப்பில் நிறுத்தி அடுப்படிக்கு அனுப்பிய எங்கப்பா ஒரு வெள்ளிக்கிழமையாவது வந்து பார்த்திருக்கலாமே என்று நினைப்பேன். இதை நான் உங்களிடம் சொன்னதில்லை.

கன்னியம்மாவை உங்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. கால்வாய்க் கரைக் குடிசையிலிருந்து வந்து நம் தெருவில் மூன்று வீட்டுக்குப் பாத்திரம் தேய்த்தவள், வெள்ளிக்கிழமை டம்ளர்கள் அத்தனையும் அவள் கையில்தான் பளபளத்தன. பங்குனித் திருவிழாவுக்கு முந்தின வாரம், கால்வாய்க் கரையில் இருக்கிறவர்களை அப்புறப்படுத்தி வேறு இடத்தில் குடிவைக்கிற திட்டத்தைப் பற்றிப் பேச டெல்லியிலிருந்து ஒரு நகர நிபுணர் வருவதாக இருந்தது. வியாழக்கிழமை மத்தியானம் நீங்கள் கீழே இறங்கி வந்தீர்கள்.

"நாளைக்கு அந்த நாற்காலியில கன்னியம்மா உக்காரட்டுமே. அவா குடியிருக்கற இடத்தைப் பத்தின பேச்சு. அவளுக்குப் புரியணும், அவ தலையாட்டணும். அதுதானே நியாயம்?"

நியாயம்தான் என்றேன். சொன்ன வாய் மூடுவதற்குள் பேரன் ஞாபகம் வந்தது. குமார் அப்போதுதான் இன்ஜினீயரிங் சேர்ந்திருந்தான். ஹாஸ்டலில் என்னைப் பற்றிப் பெருமையடித்து வைத்திருக்கிறான். எங்க ஆச்சி தலையாட்டவில்லை என்றால் டெல்லிக்காரரே எழுந்து வீட்டுக்குப் போக முடியாது என்று. நம்ப மாட்டேன் என்ற மூன்று சிநேகிதர்களை நாளைக்கு அழைத்துவருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தான். நான் சுங்குடிச் சேலைக்குக் கஞ்சி போட்டு வைத்திருந்தேன்.

மறுநாள் காலையில் கன்னியம்மா கொல்லையில் குந்தித் தேய்த்துக்கொண்டே தானாகவே பேச்சை எடுத்தாள். அப்போது அவளுக்கு இரண்டு மாதம். தலையைச் சுற்றுகிறது என்று நடுநடுவே சுவரைப் பிடித்துக்கொள்வாள்.

"யம்மா, மேல இன்னிக்கு எங்க எடத்தப் பத்திதான் பேசப் போறாங்களாமே? அந்தப் புது எடத்துல ஆசுபத்திரி கீதா, காலீல பஸ்ஸு எத்தினி மணிக்கு வரும், இந்த ரெண்டு மட்டும் கேட்டுச் சொல்லும்மா. வூடு எப்டியிருந்தா இன்னா, நாங்க பாக்காத வூடா."

அப்போதாவது சொல்லியிருக்கலாம், மாமி உன்னைத்தான் நாற்காலியில் உட்காரச் சொல்கிறார், நீயே கேள் என்று. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் சிரித்துக்கொண்டே, "நான் வந்து கேட்டா நடக்குமா? என்னை இன்னா நாற்காலிலயா குந்த வெக்கப் போறாங்க" என்றாள். நானும் சிரித்தேன். "நான் கேக்கறேன் போ" என்றேன்.

அப்புறம் மொட்டை மாடிக்கு ஏறினேன். நீங்கள் ஈரத்தலையோடு புடவை உலர்த்திக்கொண்டிருந்தீர்கள். கன்னியம்மா வரமாட்டேன் என்கிறாள், கூச்சப்படுகிறாள் என்று சொன்னேன். "நான் வேணா ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கட்டுமா?" என்றீர்கள். வேண்டாம் மாமி, வற்புறுத்தினால் நாளையிலிருந்து வேலைக்கே வராமல் நின்றுவிடுவாள் என்றேன். நீங்கள் நம்பினீர்கள். என்னை நம்பாமல் இருக்க உங்களுக்கு அதுவரைக்கும் ஒரு காரணமும் நான் கொடுத்ததில்லை.

சாயங்காலம் கூடம் நிரம்பிவிட்டது. குமாரும் சிநேகிதர்களும் சன்னலோரம் நின்றார்கள். டெல்லிக்காரரை நீங்கள் பார்த்தீர்களே, மெலிந்த மனிதர், வெள்ளைச் சட்டை, வார்த்தைக்கு வார்த்தை அம்மா. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர் என்பதால் தமிழும் தண்ணீர் மாதிரி வந்தது. வெளிநாட்டிலெல்லாம் இப்படித்தான் செய்திருக்கிறார்கள் என்று படம் காட்டினார். என்னிடம் திரும்பி, கால்வாய்க் கரையில் வருஷா வருஷம் வெள்ளம் வருகிறது, காலரா வருகிறது, ஆதம்பாக்கத்துக்கும் அப்பால் ஏரிக்கரையை ஒட்டிக் கல் கட்டிடமாகக் கட்டித் தரப் போகிறோம், குழாய் உண்டு, விளக்கு உண்டு, சன்னல் உண்டு என்றார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. எல்லாம் புரிந்தது. புரியாமல் தலையாட்டினேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு வழியில்லை. என்ன கேட்க வேண்டும் என்றும் தெரியும். இரண்டே கேள்வி. வாய்க்குள் தயாராக இருந்தது.

அவர் கைகூப்பி, "உங்களைப் பத்தி டெல்லியிலயே கேள்விப்பட்டேன்மா. உங்களுக்குப் புரிய வைக்கறதுதான் பெரிய பரீட்சைன்னாங்க. நான் பாஸா?" என்றார்.

சன்னலோரத்தில் குமார் முகம். அவன் சிநேகிதர்கள் முகம். அவர்கள் முன்னால் வாயைத் திறந்து, ஆஸ்பத்திரி இருக்கிறதா, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதா? அணுகுண்டைப் பற்றிக் கேட்டவள், அரபு நாட்டு எண்ணெயைப் பற்றிக் கேட்டவள், பாத்திரம் தேய்க்கிறவள் கேட்கச் சொன்னதையா இன்றைக்குக் கேட்பது என்று ஒரு எண்ணம் வந்தது மாமி. ஒரு நொடிதான் இருக்கும். ஒரு பெரிய மனிதர் முதல் தரத்திலேயே தேறினால் அவரைத் தேற வைத்தவளுக்கும் பெருமைதானே என்று இன்னொரு எண்ணம். தலையாட்டினேன்.

கூடம் கை தட்டியது. முதல் தரம், முதல் தரம் என்று ஜட்ஜ் எழுந்தே நின்றுவிட்டார். நீங்கள் தட்டவில்லை. உங்கள் கையில் நாலாக மடித்த தாள் ஒன்று இருந்தது. அதைப் பிரிக்க விரல் பாதி வரைக்கும் போனதை நான் பார்த்தேன். அப்புறம் விரல் நின்றது. நீங்கள் போட்ட விதி. தாளை நோட்டுக்குள் செருகிவிட்டு, முதல் தரம் என்று எழுதி, "கூட்டம் முடிஞ்சுது, எல்லாரும் காப்பி சாப்பிடுங்கோ" என்றீர்கள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

அடுத்த மாதம் அந்த நிபுணர் பத்திரிகையில் எழுதினார். மயிலாப்பூரில் அதிகம் படிக்காத ஒரு குடும்பப் பெண்மணிகூட இந்தத் திட்டத்தின் நியாயத்தை முதல் தடவையிலேயே ஏற்றுக்கொண்டார் என்று. குமார் அதை வெட்டி அட்டையில் ஒட்டிக் கொடுத்தான். என் வீட்டுக்காரர் கடையில் மாட்டினார். நான் தலையாட்டாமல் இருந்திருந்தால் கால்வாய்க் கரையைக் காலி செய்ய லாரி வராமல் நின்றிருக்குமா என்று கேட்டால், நின்றிருக்காது என்றுதான் தோன்றுகிறது. சர்க்கார் காரியம் ஒரு பொம்பளை தலைக்காகக் காத்திருக்குமா? ஆனால் உங்கள் தாளில் இருந்த கேள்விகளோடு ஒரு பிரதி கோட்டைக்குப் போயிருக்கும். யாராவது ஒருவர் படித்திருக்கலாம். ஒரு பஸ் கூட விட்டிருக்கலாம்.

ஆவணியில் லாரி வந்தது. கன்னியம்மா வயிற்றைத் தாங்கிக்கொண்டு, சாமான் மூட்டையின் மேல் உட்கார்ந்து போனாள். நம் தெரு முனையில் லாரி திரும்பும்போது கையை ஆட்டினாள். மார்கழியில் உங்கள் மகன் பம்பாயிலிருந்து வந்து, கண் மங்கிப்போன அம்மா தனியாக இருக்க வேண்டாம் என்று உங்களை அழைத்துக்கொண்டு போனார். போகும் அன்றைக்கு அந்த நீள நோட்டை என் கையில் கொடுத்தீர்கள். "இது உங்களோடது" என்றீர்கள்.

தையில் கன்னியம்மா வந்தாள். கொல்லைக் கதவு வழியாக வந்து, எப்போதும் குந்துகிற இடத்தில் குந்தினாள். வயிறு இல்லை. கையில் குழந்தையும் இல்லை. நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள்.

"ஐப்பசி மழைல ஏரி ரொம்பிப் போச்சும்மா. காலீல வலி கண்டுச்சு. இடுப்பளவு தண்ணி. பஸ்ஸு இன்னா, ஒரு ரிக்சா கூட உள்ள வர்ல. கட்டில்ல வெச்சு நாலு பேரு தூக்கிக்கினு நடந்தாங்க. மெயின் ரோட்டுக்கு வர்றதுக்குள்ள பொறந்துருச்சு. பொண்ணு. ஒரு தபா அழுதுச்சு. அவ்ளோதான்."

பிறகு சாதாரணமாகத்தான் கேட்டாள்: "அன்னிக்கு நீ கேட்டியாம்மா, ஆசுபத்திரி கீதான்னு?"

"கேட்டேன்" என்றேன். "வரும்னு சொன்னாங்க."

அவள் தலையசைத்தாள். "நீ கேட்டுட்ட இல்ல. அவன் செய்யாங்காட்டி நீ இன்னா பண்ணுவ" என்றாள். அதைச் சொல்லிவிட்டு, ஆறுதலாக என் முழங்காலைத் தொட்டாள் மாமி. என் முழங்காலை அவள்.

அன்றைக்கு மத்தியானம்தான் உங்கள் நோட்டைத் திறந்தேன். முதல் தரம் என்று எழுதியிருந்த பக்கத்தில் அந்தத் தாள் அப்படியே மடித்தபடி இருந்தது. உங்கள் கையெழுத்து, எழுத்துக்கு எழுத்து கூட்டிப் படித்தேன். ஆறு கேள்வி. முதல் கேள்வி, காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு. மூன்றாவது கேள்வி, மழைக்காலத்தில் பிரசவத்துக்கு எங்கே போவார்கள். அதை நீங்கள் எடுக்க மறந்துவிட்டீர்களா, நான் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டுப் போனீர்களா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை நாற்காலிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் இதைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

பம்பாயிலிருந்து நீங்கள் போட்ட ஒவ்வொரு இன்லண்டிலும் ஒரு வரி இருக்கும். கன்னியம்மா எப்படி இருக்கா? என்ன குழந்தை? நான் பதிலுக்கு குமார் மார்க்கை எழுதுவேன், மீனா பாட்டு கற்றுக்கொள்வதை எழுதுவேன், பாபு தவழ்வதை எழுதுவேன். பக்கம் பக்கமாகப் பிள்ளைகள். கடைசியாக வந்த கடிதத்தில், உங்கள் மருமகளிடம் சொல்லி எழுத வைத்தது, எழுத்து வேறு, வார்த்தை உங்களுடையது: "உங்காத்துக் குழந்தைகள் சமாசாரம் எல்லாம் எழுதறேள், படிக்கச் சொல்லிக் கேக்கறேன், ரொம்ப சந்தோஷம். நான் கேட்டதுக்கு மட்டும் பதில் வரலை." அதற்கு எப்படி எழுதுவது என்று இரண்டு மாதம் யோசித்தேன். அதற்குள் முனையில் கறுப்பு தடவிய கார்டு வந்துவிட்டது.

பெண் குழந்தை, மாமி. ஒரு தரம் அழுதது.

கன்னியம்மா அதற்குப் பிறகும் இரண்டு மாதம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்தாள். சில தடவை அங்கேயிருந்து வேறு பெண்களையும் கூட்டிக்கொண்டு வருவாள். இந்தம்மாதான் அன்னிக்கு நமக்காவக் கேட்டுச்சு என்று அவர்களிடம் என்னைக் காட்டுவாள். அவர்கள் என்னைக் கும்பிடுவார்கள். கடையில் தொங்கின அட்டையை என் வீட்டுக்காரர் போன பிறகு கழற்றிப் பரணில் போட்டேன். இந்தக் கும்பிடை எங்கே போடுவது? போன பங்குனியில் அவர்கள் ஒரு மனு எழுதிக்கொண்டு வந்தார்கள். ஒரு நர்ஸ் வேண்டும், காலையில் ஒரு பஸ் வேண்டும் என்று. ஆபீசுக்கு நானும் வந்து உட்கார வேண்டும் என்றாள் கன்னியம்மா. "நீ கேட்டா பதில் சொல்லுவாங்கம்மா. பெரிய பெரிய ஆளையெல்லாம் கேட்டவ நீ."

மற்றப் பெண்களை வாசலில் உட்காரச் சொல்லிவிட்டு அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னேன். நான் கேட்கவில்லை என்றேன். உன்னை நாற்காலியில் உட்கார வைக்கச் சொல்லி மாமி சொன்னார், நான்தான் மறைத்தேன் என்றேன். பேரன் முன்னால் பெருமைக்காகத் தலையாட்டினேன் என்றேன். மூன்றையும் சொல்லி முடிக்கும்வரை அவள் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். குடித்து முடித்தாள். எழுந்து கொல்லைக்குப் போய், அந்த டம்ளரைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். வேலையை விட்டுப் போன பிறகு இங்கே வரும்போதெல்லாம் அவள் அப்படிச் செய்ததே இல்லை. நான் விட்டதும் இல்லை.

கதவருகில் நின்று ஒன்றுதான் கேட்டாள். "அந்தம்மா நெஜமாவே என்னியக் குந்தச் சொன்னாங்களா?"

ஆமாம் என்றேன்.

"ஒரு தபா குந்தியிருப்பேனே" என்றாள். வாசலில் இருந்தவர்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். வருஷம் ஒன்று ஆகப் போகிறது. வரவில்லை. மனு என்ன ஆனது என்று தெரியாது. ஆதம்பாக்கம் பஸ்ஸில் ஏறி இரண்டு தரம் போனேன். கடைசி ஸ்டாப்பில் இறங்கி ஏரிக்கரைப் பக்கம் பார்த்தபடி நின்றுவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். எங்கே வீடு என்று விசாரித்தால் சொல்லியிருப்பார்கள்.

இப்போதெல்லாம் பேரப்பிள்ளைகள் எதையாவது வந்து சொல்லி, சரிதானே ஆச்சி என்று கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வருவதில்லை. இன்னொரு தரம் சொல்லு, யாரைக் கேட்டுக்கொண்டு சொல்கிறாய், அவர்கள் எங்கே, கூப்பிடு என்கிறேன். கிழவிக்குக் காது மந்தம் என்று நினைக்கிறார்கள். குமார் எழுதியிருந்தான், பாலம் வருகிற இடத்தில் நாற்பது குடும்பத்தைக் கிளப்ப வேண்டியிருக்கிறது, எல்லாம் முறைப்படி நடக்கிறது என்று. அவனுக்கு உங்கள் ஆறு கேள்வியையும் என் கையால் எழுதி அனுப்பினேன். ஏன் எதற்கு என்று எழுதவில்லை. அவனுக்கு இன்னும் நான் சொல்லவில்லை, மாமி. அந்த அட்டையைப் பரணிலிருந்து எடுத்துத் தன் கூடாரத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கிறான்.

ஒரே ஒரு உதவி. உங்கள் படம் என்று என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்றுதான். டெல்லிக்காரர் வந்த அன்றைக்குக் குமாரின் சிநேகிதன் ஒருவன் கேமரா கொண்டுவந்திருந்தான். நான் பிரம்பு நாற்காலியில் கஞ்சி போட்ட சேலையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் நீங்கள், கையில் அந்த மடித்த தாள். எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள். நீங்கள் மட்டும் என் தலையைப் பார்க்கிறீர்கள். நான் இன்னும் ஆட்டவில்லை, ஆட்ட மாட்டேன் என்று நம்பிக்கொண்டு நிற்கிறீர்கள். எத்தனை வருஷமாக அப்படியே நிற்கிறீர்கள். புதிதாக எடுத்த படம் ஒன்று இருந்தால் தபாலில் போட்டுவிடுங்கள், மாமி. நீங்கள் வேறு எங்காவது பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி ஒன்று.